வேட்டைக்காக ஒரு ஊர்: மெடோரா, கோடி, ஜாக்சன்

வேலைக்காக ஊர் மாறுகிறவர்களைத் தெரியும். பிள்ளைகள் படிப்புக்காக மாறுகிறவர்களையும் தெரியும். வேட்டைக்காக யாராவது மூட்டை முடிச்சோடு ஊர் மாறுவார்களா?

அமெரிக்காவில் மாறுகிறார்கள். நூற்று நாற்பது வருடங்களாக மாறிக்கொண்டிருக்கிறார்கள். வயோமிங், மொன்டானா, ஐடஹோ போன்ற மேற்கு மாநிலங்களில் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றைத் தேடிப் பிடித்து, அங்கே ஒரு வேலையையும் தேடிக்கொண்டு குடியேறுகிறார்கள். காரணம் கேட்டால் 'எல்க்' என்பார்கள். நம்ம ஊர் கடமானை விடப் பெரிய மான் அது.

நமக்கு இது விசித்திரமாகத்தான் தெரியும். இந்தியாவில் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு வேட்டை என்றாலே கேஸ், கோர்ட், சிறை என்றுதான் நம் மனதில் ஓடும். வேட்டை சரியா தப்பா என்ற பட்டிமன்றத்தை நான் இங்கே தொடங்கப் போவதில்லை. மூன்று சிற்றூர்களின் கதையைச் சொல்கிறேன். மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: காட்டில் ஓடுகிற மிருகம் யாருக்குச் சொந்தம்? ஊர்க்காரனுக்கா, வெளியூர்க்காரனுக்கா? சரி, அந்த 'ஊர்க்காரன்' யார் என்று முடிவு செய்வது யார்?

மெடோரா: கடைசி எருமையைத் தேடி வந்தவர்

1883 செப்டம்பர். நார்தர்ன் பசிபிக் ரயில் பாதை மொன்டானாவில் இணைந்து முழுமை பெற்ற அதே மாதம். இன்றைய வடக்கு டகோட்டாவில், லிட்டில் மிசௌரி என்ற ஆற்றோர நிறுத்தத்தில் நள்ளிரவில் ஓர் இளைஞர் இறங்கினார். வயது 24. மூக்குக் கண்ணாடி, பணக்கார வீட்டுப் பிள்ளை, நியூயார்க் சட்டசபை உறுப்பினர். பெயர் தியோடர் ரூஸ்வெல்ட்.

அவர் வந்த காரணம் ஒன்றே ஒன்று. காட்டெருமைகள் (பைசன்) பூண்டோடு அழிவதற்குள் ஒன்றையாவது சுட்டுவிட வேண்டும். இதைப் படிக்கும்போது நமக்கு எரிச்சல் வரலாம். ஆனால் அன்றைய மனநிலை அப்படித்தான் இருந்தது. 'அழிகிறதே, காப்பாற்றுவோம்' என்று யோசித்தவர்கள் மிகக் குறைவு. 'அழிவதற்குள் எனக்கு ஒன்று' என்று ஓடியவர்களே அதிகம்.

ரயில் வந்ததுதான் எருமைகளுக்கு எமன். தோலை ரயிலேற்றிக் கிழக்கே அனுப்பினால் காசு. சில வருடங்களில் வடக்குச் சமவெளி காலியாகிவிட்டது. ஜோ ஃபெரிஸ் என்ற வழிகாட்டியை வைத்துக்கொண்டு, மழையிலும் சேற்றிலும் இரண்டு வாரம் அலைந்த பிறகுதான் ரூஸ்வெல்ட்டுக்கு ஒரே ஒரு எருமை கிடைத்தது. அதைச் சுற்றி அவர் குதித்துக் குதித்து ஆடினாராம், வழிகாட்டிக்கு நூறு டாலர் கொடுத்தாராம். 1889-ல் வில்லியம் ஹார்னடே என்பவர் கணக்கெடுத்தபோது வட அமெரிக்கா முழுவதும் மிச்சம் இருந்த எருமைகள் ஆயிரத்துச் சொச்சம். ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் இருந்தவை!

வேட்டைக்கு வந்தவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. ஊர் பிடித்துவிட்டது. போவதற்கு முன்பே 14,000 டாலர் முதல் போட்டு மாட்டுப்பண்ணை ஒன்றைத் தொடங்கிவிட்டார். அடுத்த பிப்ரவரியில், 1884-ல், அவர் மனைவியும் தாயும் ஒரே நாளில், ஒரே வீட்டில் இறந்துபோனார்கள். அந்தத் துக்கத்தோடு மறுபடி இதே ஊருக்கு வந்தார். முதலில் வேட்டைக்காக வந்த இடம், பிறகு மனம் ஆற வந்த இடமாயிற்று. ஊருக்கு வடக்கே முப்பத்தைந்து மைல் தள்ளி எல்க்ஹார்ன் என்ற இரண்டாவது பண்ணையைக் கட்டினார்.

ரூஸ்வெல்ட் வருவதற்குச் சில மாதங்கள் முன்புதான், 1883 ஏப்ரலில், மார்க்கி த மோரேஸ் என்ற பிரெஞ்சுப் பிரபு ஆற்றின் அந்தக் கரையில் ஒரு ஊரையே உருவாக்கியிருந்தார். மனைவி பெயர் மெடோரா, ஊருக்கும் அதே பெயர். (நம்ம ஆட்கள் மனைவி பெயரில் வீடு கட்டுவார்கள், இவர் ஊரே கட்டிவிட்டார் :-) ) மாட்டை உயிரோடு சிகாகோவுக்கு அனுப்புவதற்குப் பதில் இங்கேயே வெட்டி, ஐஸ் பெட்டி வைத்த ரயிலில் இறைச்சியாக அனுப்பலாம் என்பது அவர் திட்டம். 26 அறை கொண்ட மாளிகை கட்டினார். கணவனும் மனைவியும் சேர்ந்தே வேட்டைக்குப் போனார்கள். ஆனால் 1886-லேயே இறைச்சித் தொழிற்சாலை மூடப்பட்டது. அடுத்து வந்த 1886-87 குளிர்காலம் எல்லாவற்றையும் முடித்து வைத்தது. பனியில் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. ரூஸ்வெல்ட்டும் தன் மந்தையில் பாதிக்கு மேல் இழந்தார்.

எனக்கு முக்கியமாகப் படுவது இதற்குப் பிறகு நடந்ததுதான். 1887 டிசம்பரில் நியூயார்க்கில் ரூஸ்வெல்ட் நண்பர்களைக் கூட்டி 'பூன் அண்ட் க்ராக்கெட் கிளப்' என்ற சங்கத்தை ஆரம்பித்தார். எல்லோரும் வேட்டைக்காரர்கள். சங்கத்தின் நோக்கம், பெரிய மிருகங்களைச் சட்டம் போட்டுக் காப்பது. தான் சுட்ட எருமையைத் தேட இரண்டு வாரம் பிடித்தது என்பதை அவர் மறக்கவில்லை போலும். 1901 முதல் 1909 வரை ஜனாதிபதியாக இருந்தபோது காடுகளையும் சரணாலயங்களையும் அவர் ஒதுக்கிய அளவுக்கு அதுவரை யாரும் ஒதுக்கியதில்லை. டகோட்டாவில் வாழ்ந்திராவிட்டால் நான் ஜனாதிபதியாகியிருக்கவே மாட்டேன் என்று பின்னாளில் சொன்னார்.

இன்று மெடோராவில் நிரந்தரமாக வசிப்பவர்கள் சுமார் 120 பேர்தான். ஊரை ஒட்டி ரூஸ்வெல்ட் பெயரிலேயே தேசியப் பூங்கா இருக்கிறது. 1956-ல் வேறு இடத்திலிருந்து 29 எருமைகளைக் கொண்டுவந்து அங்கே விட்டார்கள். அவற்றின் சந்ததிகள் இன்றும் மேய்கின்றன.

கோடி: வேட்டையை விற்ற ஊர்

ரூஸ்வெல்ட் கடைசி எருமைகளைத் தேடி அலைந்த அதே 1883-ல், இன்னொருவர் எருமை வேட்டையை டிக்கெட் போட்டுக் காட்ட ஆரம்பித்தார். அவர்தான் 'பஃபலோ பில்' என்கிற வில்லியம் கோடி. 1867-68-ல் கன்சாஸ் பசிபிக் ரயில் பாதை போட்ட தொழிலாளர்களுக்கு இறைச்சி சப்ளை செய்ய எருமை சுட்டவர். நான்காயிரத்துக்கும் மேல் சுட்டதாக அவரே சொன்ன கணக்கு. அசல் வேட்டை முடிந்த வருடத்தில் நகல் வேட்டை தொடங்கியது என்று சொன்னால் தப்பில்லை. அவருடைய 'வைல்ட் வெஸ்ட்' காட்சி அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சுற்றி வந்தது.

அந்தக் காசைக் கொண்டு அவரும் கூட்டாளிகளும் 1896-ல் வயோமிங்கில் கோடி என்ற ஊரை நிறுவினார்கள். எதற்கு அந்த இடம்? யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் கிழக்குப் பக்கம் அது. பூங்காவுக்குள் வேட்டை கிடையாது. 1894-ல் காங்கிரஸ் அதற்குத் தண்டனைச் சட்டமே போட்டுவிட்டது. ஆனால் மிருகங்களுக்கு எல்லைக்கோடு தெரியாதே! பூங்காவுக்குள் பாதுகாப்பாகப் பெருகி, வெளியே உள்ள மலைகளில் வந்து மேயும். அந்த வாசலில் ஒரு ஊர் இருந்தால்?

1901-ல் ரயில் வந்தது. 1902-ல் தன் மகள் பெயரில் இர்மா ஓட்டலைத் திறந்தார். பூங்கா வாசலுக்கருகே பஹாஸ்கா டீப்பீ என்ற மரவீட்டு விடுதியைக் கட்டினார். கிழக்கிலிருந்து பணக்காரர்கள் ரயிலில் வந்து, ஓட்டலில் தங்கி, வழிகாட்டியோடு மலையேறி, கொம்போடு திரும்பினார்கள். 1913-ல் மொனாக்கோ நாட்டு இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டே கோடியோடு வேட்டைக்கு வந்தார். அவர்கள் தங்கிய இடத்துக்கு இன்றும் 'மொனாக்கோ முகாம்' என்றே பெயர்.

இதில் கவனிக்க வேண்டியது, உள்ளூர்க்காரர்களின் பிழைப்பு எப்படி மாறியது என்பதுதான். குளிர்காலத்துக்கு வீட்டுக்கு ஒரு மான் என்று சுட்டு உப்புக்கண்டம் போட்டு வைப்பது ஒரு வாழ்க்கை. வெளியூர்ப் பணக்காரருக்குக் குதிரையும் சமையலும் வழித்துணையும் கொடுத்துச் சம்பாதிப்பது இன்னொரு வாழ்க்கை. இரண்டாவது வந்ததும் உயிரோடு மலையில் நிற்கிற மானுக்கு விலை வந்துவிட்டது. விலை வந்தால், 'இது யார் சொத்து' என்ற சண்டையும் வரும். அந்தச் சண்டை கோடிக்குத் தென்மேற்கே, யெல்லோஸ்டோனின் மறுபக்கத்தில் இரத்தம் சிந்தியது.

ஜாக்சன்: இங்கே நீ வேட்டையாடக் கூடாது

ஜாக்சன் ஹோல் என்பது டீடன் மலைகளுக்குக் கீழே உள்ள பள்ளத்தாக்கு. எல்க் மான்கள் கோடையில் உயரமான மலைகளில் மேய்ந்துவிட்டு, பனி விழுந்ததும் ஆயிரக்கணக்கில் இந்தப் பள்ளத்தாக்குக்கு இறங்கி வரும். 1880களில் வெள்ளைக் குடியேறிகள் இங்கே வந்தார்கள். விவசாயம் சுமாராகத்தான் ஓடியது. வேட்டைக்கு வரும் செல்வந்தர்களுக்கு வழிகாட்டுவதில் நல்ல காசு கிடைத்தது.

ஆனால் அதே மான்களைத் தேடி வேறு சிலரும் வந்தார்கள். பானக், ஷோஷோனி பூர்வகுடிகள். (நாம் பாடப்புத்தகத்தில் 'செவ்விந்தியர்' என்று படித்தோமே, அவர்கள்தான்.) 1868-ல் ஃபோர்ட் பிரிட்ஜர் என்ற இடத்தில் அமெரிக்க அரசு அவர்களோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. அவர்கள் தங்களுக்கு ஒதுக்கிய நிலத்தில் குடியேற வேண்டும். பதிலாக, ஆட்கள் குடியேறாத அரசு நிலங்களில், மிருகம் இருக்கும்வரை வேட்டையாடும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஐடஹோவில் ஒதுக்கப்பட்ட நிலத்திலிருந்து அவர்கள் வருடா வருடம் வந்தது இந்த உரிமையின் பேரில்தான். பொழுதுபோக்குக்காக அல்ல, சாப்பாட்டுக்காக.

வயோமிங் 1890-ல் மாநிலமானது. மாநிலம் வேட்டைச் சட்டம் போட்டது. சீசன் தவிர மற்ற நேரம் சுட்டால் குற்றம். 1895 ஜூலையில் ஜாக்சன் ஹோல் காவலர் ஒருவரும் குடியேறிகளும் சேர்ந்து பானக் வேட்டைக் குழு ஒன்றைப் பிடித்தார்கள். ஆண்கள், பெண்கள், குழந்தைகள் எல்லோரும் இருந்த குழு அது. துப்பாக்கிகளைப் பிடுங்கிக்கொண்டு ஓட்டிப்போகும் வழியில் அவர்கள் தப்பி ஓட, பின்னாலிருந்து சுட்டார்கள். முதியவர் ஒருவர் செத்தார். கிழக்கே பத்திரிகைகளில் என்ன செய்தி வந்தது தெரியுமா? பூர்வகுடிகள் வெள்ளைக் குடும்பங்களைக் கொன்று குவித்துவிட்டார்கள் என்று! ராணுவம் விரைந்தது. போய்ப் பார்த்தால் அப்படி எதுவுமே நடக்கவில்லை.

விஷயம் கோர்ட்டுக்குப் போனது. ரேஸ் ஹார்ஸ் என்ற பானக் வேட்டைக்காரரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1896-ல் தீர்ப்பு வந்தது: வயோமிங் மாநிலமானபோதே அந்த ஒப்பந்த உரிமை முடிந்துவிட்டது, மற்ற மாநிலங்களைப் போல அதற்கும் தன் மிருகங்கள் மீது முழு அதிகாரம் உண்டு. எழுதிக் கொடுத்த வாக்கு 28 வருடத்தில் காற்றில் போனது.

வழிகாட்டிக் காசு வாங்கிக்கொண்டு பணக்காரர் கொம்புக்காக வேட்டையாடினால் அது கௌரவமான விளையாட்டு. பசிக்கு வேட்டையாடினால் அது குற்றம். சட்டத்தில் இப்படி எழுதவில்லை. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் நடைமுறை அதுதான்.

பூர்வகுடிகளை விரட்டியதால் மான்கள் பிழைத்தனவா? அதுவும் இல்லை. ஊர் வளர வளர, மான்கள் குளிர்காலத்தில் மேயும் புல்வெளி எல்லாம் வைக்கோல் வயலாகி வேலி போட்டாயிற்று. 1908-க்குப் பிறகு வந்த கடும் குளிர்காலங்களில் மான்கள் வீட்டு வாசலிலும் வைக்கோல் போர் ஓரத்திலும் பட்டினியால் விழுந்து செத்தன. குடியேறிகள் தங்கள் மாட்டுக்கு வைத்த வைக்கோலையே போட்டுப் பார்த்தார்கள். ஸ்டீபன் லீக் என்ற உள்ளூர்க்காரர் அதைப் படம் எடுத்து நாடெங்கும் கொண்டுபோய்க் காட்டினார். 1911-ல் காங்கிரஸ் தீனிக்காக 20,000 டாலர் ஒதுக்கியது. 1912-ல் தேசிய எல்க் புகலிடம் உருவானது. ஊருக்குப் பக்கத்திலேயே அது இருக்கிறது. அங்கே உதிர்ந்த கொம்புகளை அடுக்கிக் கட்டிய வளைவுகள்தான் ஜாக்சன் ஊர்ச் சதுக்கத்தின் அடையாளம்.

சரி, மிருகம் யாருடையது?

ஐரோப்பாவில் பெரும்பாலும் நிலம் யாருடையதோ வேட்டையும் அவருடையது. மன்னர், பிரபு, ஜமீன். அமெரிக்கா அதை ஏற்கவில்லை. காட்டு மிருகம் எந்தத் தனி மனிதனுக்கும் சொந்தமில்லை, மாநிலம் மக்களுக்காக அதைப் பொறுப்பில் வைத்திருக்கிறது என்பது அங்கே கொள்கை. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் 'மக்கள்' என்றால் எந்த மக்கள்?

மொன்டானா இதற்குப் பச்சையாகப் பதில் சொன்னது. 1976-ல் அங்கே எல்க் வேட்டை லைசென்ஸ் உள்ளூர்க்காரருக்கு 9 டாலர். வெளிமாநிலத்தவர் எல்க் மட்டும் வேண்டும் என்று கேட்க முடியாது; மான், கரடி, மீன் எல்லாம் சேர்ந்த லைசென்ஸைத்தான் வாங்க வேண்டும், விலை 225 டாலர். அதே கூட்டு லைசென்ஸ் உள்ளூர்க்காரருக்கு 30 டாலர். மினசோட்டாக்காரர்கள் சிலரும் ஒரு மொன்டானா வழிகாட்டியும் வழக்குப் போட்டார்கள். 1978-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. எல்க் வேட்டை என்பது பொழுதுபோக்கு, அதில் எல்லாக் குடிமக்களையும் சமமாக நடத்தும் கட்டாயம் மாநிலத்துக்கு இல்லை என்றது.

இப்போது புரிகிறதா ஏன் ஊர் மாறுகிறார்கள் என்று? வெளியிலிருந்து வந்தால் பல மடங்கு பணம், அதோடு பல இடங்களில் குலுக்கல், வருடக்கணக்கில் காத்திருப்பு. வயோமிங்கில் இன்னொரு விதி உண்டு. 'வில்டர்னஸ்' என்று மத்திய அரசு அறிவித்த காடுகளில் வெளிமாநிலத்தவர் பெரிய மிருக வேட்டைக்குப் போனால், லைசென்ஸ் பெற்ற வழிகாட்டியோ உள்ளூர்க்காரர் ஒருவரோ கூட வர வேண்டும். காடு இருப்பது முழு நாட்டின் நிலத்தில், ஆனால் துணையில்லாமல் வேட்டைக்குப் போகலாம் என்ற சலுகை மாநிலத்தாருக்கு மட்டும்! இதற்கெல்லாம் ஒரே மருந்து குடியேறிவிடுவதுதான். மொன்டானாவில் 180 நாள், வயோமிங்கில் ஒரு வருடம் குடியிருந்தால் நீங்களும் வேட்டைச் சட்டப்படி ஊர்க்காரர்.

ஆகவே ஊர் தேடுகிறவர்கள் என்ன பார்க்கிறார்கள்? சுற்றிலும் பொது நிலம் எவ்வளவு, மான் கூட்டம் எந்தப் பாதையில் இறங்குகிறது, எத்தனை நாளில் ஊர்க்காரர் ஆகலாம், பிழைக்க வேலை உண்டா, வீட்டு வாடகை கட்டுப்படியாகுமா. கடைசிக் கேள்வியில்தான் பலர் தோற்கிறார்கள். ஜாக்சன் இருக்கும் மாவட்டத்தில் 97 சதவீத நிலம் அரசுடையது. மிச்சம் 3 சதவீதத்துக்குக் கோடீஸ்வரர்கள் போட்டி. அந்த ஊர் ஓட்டலில் வேலை செய்கிறவர்கள் பலர் மலை தாண்டி ஐடஹோவிலிருந்து தினம் வந்து போகிறார்கள். வேட்டைக்காரர்களால் பிழைத்த ஊரில் இன்று சாதாரண வேட்டைக்காரர் குடியிருக்க முடியாது.

அதைவிடப் பெரிய சிக்கல் மான்களுடையது. மனிதன் வீடு கட்ட ஆசைப்படுவது பனி குறைந்த, வெயில் படும் அடிவாரத்தில். மானுக்குக் குளிர்காலத்தில் வேண்டியதும் அதே அடிவாரம்தான். 1908-ல் வைக்கோல் வயல் செய்ததை இன்று வீட்டுமனைகள் செய்கின்றன. மானுக்காக வந்து கட்டுகிற ஒவ்வொரு வீடும் மானின் மேய்ச்சலில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்கிறது.

123 வருடம்

2014 ஜனவரியில் குரோ இனத்தைச் சேர்ந்த கிளேவின் ஹெரேரா என்பவர் மொன்டானாவில் தங்கள் ஒதுக்கீட்டு நிலத்திலிருந்து எல்க் கூட்டத்தைத் தொடர்ந்து போய், வயோமிங் எல்லைக்குள் பிக்ஹார்ன் தேசியக் காட்டில் சுட்டார். வயோமிங் வழக்குப் போட்டது. குரோ மக்களுக்கும் 1868-ல் எழுதிய ஒப்பந்தம் உண்டு, ஏறக்குறைய அதே வாசகம். 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது: மாநிலமானதால் ஒப்பந்த உரிமை அழியாது. 1896-ஆம் வருட ரேஸ் ஹார்ஸ் தீர்ப்பின் வாதத்தை நீதிமன்றம் கைவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 123 வருடம்.

நேற்று மினசோட்டாவிலிருந்து லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு வந்தவர் வயோமிங்கில் 'ஊர்க்காரர்' ஆக ஒரு வருடம் போதும். தலைமுறை தலைமுறையாக அங்கே வேட்டையாடியவர்களின் பேரப்பிள்ளைகள், எழுதிக் கொடுத்த உரிமையைத் திரும்பப் பெற 123 வருடம் காத்திருந்தார்கள். வேட்டைக்காக ஊர் தேடுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ரூஸ்வெல்ட் மாதிரி, சுட வந்து காக்கிறவராக மாறியவர்களும் அவர்களில் உண்டு. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வசூலிக்கும் வரியில்தான் அங்கே வனவிலங்குப் பாதுகாப்பு வேலைகளில் பெரும்பங்கு நடக்கிறது என்பதும் உண்மை.

ஆனால் வரைபடத்தை விரித்து 'இந்த ஊருக்குப் போகலாமா, அந்த ஊருக்குப் போகலாமா' என்று விரல் வைக்கும்போது, அந்த ஊருக்கு முன்பு யார் வேட்டைக்கு வந்தார்கள், அவர்கள் வருவது ஏன் நின்றது என்று கேட்டுக்கொள்வது நல்லது. மெடோராவிலும் கோடியிலும் ஜாக்சனிலும் ஓட்டலும் அருங்காட்சியகமும் கொம்பு வளைவும் கண்ணில் படும். 1895 ஜூலையில் ஓடும்போது சுடப்பட்ட அந்த முதியவர் கண்ணில் படமாட்டார். அவரும் மானைத் தேடித்தான் அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தார். குடியேறக்கூட வரவில்லை, வழக்கம்போல வந்தார்.